பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் நம் போர் ஏன் வற்றுகிறது?

"எங்கள் போர் 400 அடி. பக்கத்துத் தோட்டக்காரர் 900 அடி போட்டார். அதிலிருந்து எங்களுக்கு அரை மணி நேரம்கூடத் தண்ணீர் வருவதில்லை. இதைக் கேட்க நாதியில்லையா?" கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் வழக்கமாகக் காதில் விழும் கேள்வி. சட்டம் தரும் பதில் சின்னது. தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த வாய்க்காலாக ஓடாத நீரை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். தமிழகம் 2003இல் நிறைவேற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. ஆக, அவர் செய்தது குற்றமில்லை. ஆனால் பாறைக்கு வேலிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தெருவிளக்கு பொதுப் பண்டம். அதன் வெளிச்சத்தில் ஒருவர் நடந்தால் அடுத்தவருக்கு வெளிச்சம் குறையாது, யாரையும் விலக்கி வைக்கவும் முடியாது. நிலத்தடி நீரில் இரண்டாவது குணம் மட்டும்தான் உண்டு. விலக்குவது கடினம், எடுக்க எடுக்கக் குறையும். இந்த வகையைப் பொதுக்குவி வளம் என்கிறார்கள். கடல் மீன், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் இதே ரகம். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். சுவையான பகுதி பாறைக்குள் இருக்கிறது.

மோட்டாரைப் போட்டதும் போருக்குள் மட்டும் நீர்மட்டம் இறங்குவதில்லை. சுற்றியுள்ள பாறை வெடிப்புகளிலிருந்து நீர் போரை நோக்கி வர வேண்டுமென்றால், போரின் பக்கம் மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். எனவே போரை நடுவில் வைத்து, தலைகீழ்க் கூம்பு வடிவில் நீர்மட்டம் குழிகிறது. மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார், நீரை மெதுவாகவே கடத்தும் கடினப் பாறை, 1,000 அடி தூரம் வரை பரவிய கூம்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், போரின் சுவரில் இறக்கம் சுமார் 50 அடி. பத்தடி தள்ளி 29 அடி. நூறடி தள்ளி 14 அடி. முந்நூறடி தள்ளி இன்னும் 7 அடி மிச்சம் இருக்கும். இறக்கம் தூரத்தின் மடக்கைப்படி, அதாவது தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, குறைவதால்தான் இப்படி. போருக்கு அருகில் சரிவு செங்குத்தாக இருக்கும், அப்புறம் தட்டையாக வெகுதூரம் நீளும். அந்தத் தட்டையான விளிம்புதான் வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போகிறது.

இன்னும் அழகானது, இந்த இறக்கங்கள் ஒன்றோடொன்று கூடும் என்பது. உங்கள் போரைச் சுற்றி 300 அடித் தொலைவில் ஐந்து போர்கள் ஓடுகின்றன என்றால், ஐந்து ஏழு முப்பத்தைந்து அடி. உங்கள் மோட்டார் அணைந்திருந்தாலும் உங்கள் மட்டம் 35 அடி கீழே! நீங்கள் போட்டால் அதற்கு மேல் 50. உங்கள் மோட்டாரும் அந்த ஐவருக்கும் தலைக்கு 7 அடி இறக்கிக் கொடுக்கும். கூடுதலாக ஒரு மணி நேரம் இறைத்தால் வரும் தண்ணீர் முழுவதும் உங்களுக்கு. இறங்கிய மட்டத்தின் செலவோ ஆறு பங்காகப் பிரிகிறது. 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் மேய்ச்சல் நிலத்தை வைத்துச் சொன்ன தர்க்கத்தை இங்கே அடிக்கணக்கிலேயே அளந்துவிடலாம்.

மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வரும் என்ற ஊர்களில் இது இன்னும் மோசம். கரண்ட் வந்த நொடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஒன்றாக எழும். கூம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முறை வைத்து ஓட்டினால் அன்றாட இறக்கம் குறையும், மோட்டார் காற்று இழுப்பதும் குறையும். ஆண்டு முழுவதற்குமான இருப்புக் கணக்கு மட்டும் அதனால் மாறாது.

அந்த இருப்புக் கணக்கையும் பார்த்துவிடலாம். 600 மி.மீ. மழையில் பத்தில் ஒரு பங்கு பாறைக்குள் இறங்குகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 2.4 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மி.மீ. நீர் வேண்டும். அதை முழுக்கப் போரிலிருந்தே பாய்ச்சினால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். அதாவது ஓர் ஏக்கர் நெல், இருபது ஏக்கரின் ஊறலைக் குடிக்கிறது. வயலிலிருந்து திரும்ப இறங்குவதைக் கழித்தாலும் பத்து ஏக்கருக்குக் குறையாது.

மட்டம் இறங்கினால் இறைப்பவருக்கே செலவு ஏறி, அவராகவே நிறுத்திக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆயிரம் லிட்டரை 300 அடியிலிருந்து தூக்க, 40 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்கு 0.6 யூனிட் போதும். 1,000 அடியிலிருந்து என்றால் 2 யூனிட். அந்தத் தடையைத்தான் இலவச மின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டது. சிறு விவசாயிக்கு உதவி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதே பணத்தை ரொக்கமாகக் கொடுத்து, மீட்டர் வைத்து மின்சாரத்தை விற்பதே மேல் என்பது என் கட்சி. மீட்டர் என்ற சொல்லை எடுத்தாலே ஓட்டுப் போகும் என்பதால் எந்தக் கட்சியும் அதை எடுக்காது.

இதற்கு நடுவில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்குக் கொடுக்கும் காசு வேறு. அதிக ஆழத்துக்குத் துளைத்தால் ஏதாவது ஒரு வெடிப்பில் கொஞ்சமாவது தண்ணீர் தட்டுப்பட வாய்ப்புண்டு. தட்டுப்பட்டால் பேர் தேங்காய்க்கு, புகைந்தால் பழி நேரத்துக்கு. தேங்காய் நிமிர்ந்தே நின்றாலும், சுற்றியுள்ள ஐந்து கூம்புகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

சட்டமும் சந்தையும் கைவிட்ட இடத்தில் என்ன செய்வது? 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம், தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே இப்படியொரு சிக்கலைத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்தில் வெஸ்ட் பேசின் என்ற நிலத்தடிப் படுகை. நகராட்சிகளும் ஆலைகளும் போட்டி போட்டு இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறியது. 1945இல் வழக்குப் போனது. இறைப்பைக் குறைக்க எல்லோருக்கும் சம்மதம்தான், ஆனால் முதலில் குறைக்கிறவர் ஏமாளியாகிவிடுவார். அதற்கு அவர்கள் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. மொத்த இறைப்பு உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்திடும்வரை ஒப்பந்தம் யாரையும் கட்டாது என்று எழுதினார்கள். தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் போனதும் கையெழுத்துகள் சேர்ந்தன. இறுதித் தீர்ப்பு 1961இல் வந்தது. யார் எவ்வளவு இறைத்தார் என்பதை நீர்க் கண்காணிப்பாளர் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட, எல்லோரும் எல்லோர் கணக்கையும் பார்க்க முடிந்தது. கடலோரக் கிணறுகள் வழியாக நன்னீரை உள்ளே செலுத்தி உப்புக்குத் தடுப்புச் சுவரும் எழுப்பினார்கள்.

நம் பக்கத்தில் ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில், 2000களில் விவசாயிகளே மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து, இருப்பைக் கணக்கிட்டு, மழை ஓய்ந்தபின் வரும் ராபிப் பருவத்துக்கு எதை விதைப்பது என்று ஊர் கூடிப் பேசினார்கள். தடை போடவில்லை, கணக்கைச் சுவரில் எழுதி வைத்தார்கள். நெல் பரப்பைச் சுருக்கிக்கொண்டவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே சுருக்கினார்கள்.

இங்கே தொடங்க நினைப்பவர்களுக்குச் செலவு பெரிதில்லை. ஊரில் ஓடாத போர் ஒன்று, அடிக் குறியிட்ட நாடா, நுனியில் ஒரு எடை. சுற்றிலும் எந்த மோட்டாரும் ஓடாத விடியற்காலையில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பக்கத்துப் போரின் கூம்பையே. பருவமழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மழையில், இறைத்தது போக, ஊருக்கு மிஞ்சிய வரவைக் காட்டும்.