சிட்னி வீட்டில் நீச்சல் குளமா? வேலி முதல் சான்றிதழ் வரை

கோடை விடுமுறை நெருங்கினால் கடைகளில் காற்றடிக்கும் குளங்கள் குவிந்துவிடும். பிள்ளைகள் நச்சரிக்கிறார்களே என்று ஒன்றை வாங்கிப் புல்தரையில் விரித்துவிடுவோம். அதற்கும் வேலி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடப்பது 1992ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டம். 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிரப்ப முடிகிற குளம் எதுவானாலும், அது கட்டியதோ காற்றடித்ததோ, சட்டத்துக்குள் வந்துவிடும். ‘கால் நனையத்தானே ஊற்றினோம்’ என்று சொல்லித் தப்ப முடியாது. எவ்வளவு ஊற்றினோம் என்பது கணக்கில்லை, எவ்வளவு கொள்ளும் என்பதுதான் கணக்கு. ஸ்பா என்கிற வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் சலுகை உண்டு: குழந்தை திறக்க முடியாத பூட்டு மூடி இருந்தால் போதும்.

வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியிலும் கம்பிகளுக்கு நடுவிலும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. அக்கம்பக்கத்து எல்லை வேலியையே குளத்து வேலியாக வைத்துக்கொண்டால், குளத்துப் பக்கம் 1.8 மீட்டர் வேண்டும். கேட் குளத்துக்கு வெளிப்புறமாகத் திறந்து, கையை விட்டதும் தானே மூடி, தானே தாழ் விழ வேண்டும்.

வேலி சரியாகவே இருக்கும், சுற்றி இருப்பதுதான் வம்பு. பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, பார்பெக்யூ அடுப்பு என்று ஏறக்கூடிய எதையும் வேலியிலிருந்து 90 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். விருந்தாளிகள் வரும் நாளில் கேட்டுக்குச் செங்கல் முட்டுக்கொடுக்கிற பழக்கம் அதைவிட மோசம். கேட்டை மூடி வைக்கும் பொறுப்பு வீட்டில் குடியிருப்பவருடையது, வாடகைக்கு இருந்தாலும் சரி. மூச்சு நின்றவரை மீட்கும் முதலுதவி முறை எழுதிய சிபிஆர் பலகையும் குளத்தருகே கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அப்புறம் பதிவு. மாநில நீச்சல் குளப் பதிவேட்டில் வீட்டு உரிமையாளர் குளத்தைப் பதிய வேண்டும். நாமே ஆன்லைனில் பதிந்தால் கட்டணம் கிடையாது. குளம் உள்ள தனி வீட்டை வாடகைக்கு விடும்போது வேலி விதிப்படி இருக்கிறது என்று காட்டும், செல்லுபடியாகும் இணக்கச் சான்றிதழ் கட்டாயம். 3 ஆண்டு செல்லும் அந்தச் சான்றிதழை உள்ளூர் கவுன்சிலோ உரிமம் பெற்ற ஆய்வாளரோ பார்த்துத் தருவார்கள். வீட்டை விற்பவர், இணக்கச் சான்றிதழ் இல்லாவிட்டால், குறைகளைப் பட்டியலிட்ட ‘இணங்காமை’ சான்றிதழோடும் விற்கலாம். அப்போது 90 நாளுக்குள் சரிசெய்யும் வேலை வாங்கியவர் தலையில் விழும், செலவும் அவருடையதே. வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலி விதியை மீறினால் நீதிமன்றம் 5,500 டாலர் வரை அபராதம் போடலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்து அடிபட்டால் அலட்சியம் என்று இழப்பீட்டு வழக்கும் வரலாம், அது தனி. வீட்டுக் காப்பீட்டில் சட்டப் பொறுப்புப் பகுதி இருக்கும். குளத்துக்கும் அது பொருந்துமா, வேலி சரியில்லாவிட்டால் என்ன சொல்வார்கள் என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

1990 ஆகஸ்டுக்கு முன் கட்டிய குளங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. குளத்தையோ வேலியையோ பெரிதாக மாற்றினால் அந்த விலக்கு போய்விடும். அதனால் பழைய வீட்டில் வேலியைப் பிரிக்கும் முன் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.