ஒரே பனிக்கு மூன்று எண்கள்

போன தை மாதம் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கும் பெரியப்பா தோட்டத்துக் களத்தில் உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். "செர்ரி எவ்வளவு இருக்குதுங்க?" பெரியப்பா உடனே அளவைச் சொல்லவில்லை. "பழத்தைக் கேக்கறீங்களா, காஞ்சதைக் கேக்கறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். காப்பி வியாபாரத்தில் செர்ரி என்ற சொல் செடியிலிருந்து பறித்த பழத்துக்கும் வரும், அதையே தோலோடு வெயிலில் உலர்த்திய உருண்டைக்கும் வரும். காயக் காய எடை பாதிக்கும் கீழே போய்விடும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எண்ணைச் சொல்லியிருந்தால் மூட்டைக் கணக்கு, முன்பணம் எல்லாமே தப்பாகப் போயிருக்கும்.

பருவநிலைத் தரவுகளைச் சீர்படுத்துவது என் தொழில். அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு துருவக் கடல்களின் பனிக்கட்டியையும் வடநாடுகளின் பனிப்பொழிவையும் பற்றிய கோப்புகளைப் பார்க்கிறேன். பெரியப்பா கேட்ட கேள்வியை நான் கேட்கத் தவறிய கதை ஒன்று உண்டு.

வேறொரு குழு அனுப்பிய கோப்பையும் எங்களிடம் இருந்த கோப்பையும் இணைத்து ஒரே நீண்ட தொடராக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் 'ஸ்னோ டெப்த்' (பனியின் ஆழம்) என்று ஒரு மாறி. இரண்டிலும் அலகு மீட்டர். இணைத்துவிட்டேன். வரைபடத்தில், கோப்பு மாறும் ஆண்டிலிருந்து பனி சட்டென்று தரைதட்டி நின்றது. பார்ப்பவர் எவரும் வெப்பமயமாதல் என்றே நினைப்பார்கள். ஒரே இடம், ஒரே மார்ச் நாள்: ஒரு கோப்பில் 0.9, இன்னொன்றில் 0.27.

முதலில் அலகுப் பிழை என்றுதான் சந்தேகப்பட்டேன். ஆனால் அலகுப் பிழையானால் இரண்டு எண்களுக்கும் உள்ள விகிதம் ஆண்டு முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும். மாதவாரியாக வகுத்துப் பார்த்தேன். நவம்பரில் ஆறில் ஒரு பங்கு. மார்ச்சில் 0.3. வசந்தம் நெருங்க நெருங்க இன்னும் கூடியது. அப்போதுதான் பிடிபட்டது. புதிதாக விழுந்த பனி பஞ்சு போல இருக்கும்; கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் எடை. நாள்பட அமுங்கி இறுகி 300, 400 கிலோவைத் தொடும். நான் கண்ட விகிதம் பனியின் அடர்த்தி. ஒரு கோப்பு, குச்சியை ஊன்றி அளந்தால் வரும் உயரத்தைச் சொன்னது. மற்றது, அந்தப் பனியை உருக்கினால் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொன்னது. இரண்டுமே சரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் தவறு.

இது அபூர்வமான சிக்கல் இல்லை. உலகெங்கும் மாணவர்கள் எடுத்தாளும் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவில் (பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்துக் கணித்தது) 'ஸ்னோ டெப்த்' என்ற பெயரில் வருவது நீர்ச் சமான உயரம், அதாவது உருக்கினால் நிற்கும் தண்ணீரின் உயரம். அலகு விவரத்தில் 'நீர்ச் சமான மீட்டர்' என்று எழுதியிருக்கிறார்கள்; மாறியின் பெயரை மட்டும் பார்த்து இறக்கிக்கொள்பவர் கண்ணில் அது படாது. ஈஆர்ஏ5-லேண்ட் தரவிலோ இரண்டும் தனித்தனி மாறிகளாகவே கிடைக்கின்றன.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பருவநிலைத் தரவுக் கோப்புகளுக்கான சிஎஃப் மரபு என்ற பொது விதித்தொகுப்பு இருக்கிறது. முதல் பதிப்பு 2003-ல் வந்தது. அதில் நிலையான பெயர்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் விளக்கமும் அடிப்படை அலகும் சேர்ந்தே வரும். என் மார்ச் நாள் பனியை அந்தப் பட்டியலில் வைத்தால் மூன்று பெயர்கள் கிடைக்கும். 'சர்ஃபேஸ் ஸ்னோ திக்னெஸ்' (பனியின் தடிமன்) என்றால் 0.9 மீட்டர். 'சர்ஃபேஸ் ஸ்னோ அமௌன்ட்' (பனியின் நிறை) என்றால் சதுர மீட்டருக்கு 270 கிலோ. அதே நிறையைத் திரவ நீரின் உயரமாகச் சொல்லும் நீண்ட பெயர் ஒன்று 'எல்டபிள்யூஇ' (திரவ நீர்ச் சமானம்) என்று தொடங்கும், அதன்படி 0.27 மீட்டர். 'சர்ஃபேஸ் ஸ்னோ' என்பதற்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள்: தரைமேலும் பனிக்கட்டிமேலும் கிடப்பது அடங்கும், மரக்கிளைகளில் தங்கியதும் காற்றில் இறங்கிக்கொண்டிருப்பதும் அடங்காது. பெயர் நீளம்தான், தட்டச்சு செய்ய அலுப்புதான். ஆனால் படித்தவுடன் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

கடல் பனிக்கட்டியில் சிக்கல் இன்னும் ஆழம். கணினி மாதிரிகள் கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். அப்படி ஒரு கட்டத்துக்குள் பாதி திறந்த கடல், மீதிப் பாதியை 2 மீட்டர் தடிமனில் பனிக்கட்டி மூடியிருக்கிறது என்று வையுங்கள். தடிமன் எவ்வளவு? பனிக்கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அளந்தால் 2. கட்டம் முழுக்கப் பரப்பிச் சராசரி எடுத்தால் 1. பல நாட்டுப் பருவநிலை மாதிரிகளின் முடிவுகளைச் சேர்த்த சிஎம்ஐபி5 தொகுப்பில் 'எஸ்ஐடி' என்று வந்தது கட்டம் முழுக்கப் பரப்பிய சராசரி. அடுத்து வந்த சிஎம்ஐபி6-ல் இரண்டையும் பிரித்து, உண்மைத் தடிமனுக்கு 'எஸ்ஐதிக்' என்றும், பரப்பிய அளவுக்கு 'எஸ்ஐவால்' என்றும் பெயர் கொடுத்தார்கள். இது தெரியாமல் பழைய எண்ணைப் பனிமூடிய விகிதத்தால் மறுபடி பெருக்கினால் இந்தக் கட்டத்தின் கன அளவு பாதியாகச் சுருங்கும். சராசரி எடுத்த முறையைச் சொல்லும் 'செல் மெதட்ஸ்' வரியில் 'வேர் சீ ஐஸ்' (பனிக்கட்டி இருக்கும் இடத்தில் மட்டும்) என்று இருக்கிறதா என்று பார்ப்பதை நான் வழக்கமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். பனிமூடிய விகிதம் சில கோப்புகளில் 0 முதல் 1 வரை, சிலவற்றில் விழுக்காடு. இதையும் பார்த்துவிட வேண்டும்.

கடல் பனிக்கட்டியின் விரிவு, பரப்பளவு என்ற இரண்டையும் செய்திகளில் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் 15 விழுக்காடாவது பனிக்கட்டி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் விரிவில் சேர்ப்பார்கள். 100 சதுர கிலோமீட்டர் கட்டத்தில் 40 விழுக்காடு மூடியிருந்தால் விரிவு 100, பரப்பளவு 40. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக்கில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது என்று சொல்லும் எண், விரிவு. அதை வேறொரு ஆண்டின் பரப்பளவோடு ஒப்பிட்டு எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து மனம் நொந்தேன்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஏற்காட்டில் 'பனி கொட்டுது' என்றால் மூட்டம். மார்கழிப் பனி என்றால் காலைக் குளிரும் புல்நுனி ஈரமும். காஷ்மீரில் விழுவதும் பனி, துருவக் கடலில் உறைந்து கிடப்பதும் பனி. ஆலங்கட்டிக்கு மட்டும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். 'பனிப்பாறை உருகிக் கடல் உயர்கிறது' என்று எழுதும்போது நிலத்தின்மேல் இருக்கும் பனியாற்றைச் சொல்கிறோமா, கடலில் மிதக்கும் பனிக்கட்டியையா? நிலத்தில் இருப்பது உருகினால் கடல்மட்டம் உயரும். ஏற்கெனவே மிதப்பது உருகினால் ஏறக்குறைய உயராது. நான் எழுதும்போது வெண்பனி, கடல் பனிக்கட்டி, பனியாறு, பனிமலை என்று பிரித்தே எழுதுகிறேன். இதைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். வேறுபாடு மட்டும் மறையக்கூடாது.

சேலத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் திட்டப்பணிக்காக இப்படிப்பட்ட கோப்புகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் வரைபடத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். அடுத்த முறை கோப்பின் தலைப்பகுதியைக் கொண்டுவாருங்கள். நிலையான பெயர், அலகு, சராசரி எடுத்த முறை ஆகிய மூன்று வரிகளையும் சேர்ந்து படித்துவிட்டு, அப்புறம் வரைபடத்தைப் பார்ப்போம்.