பில்ஜ் பம்பு: அகட்டுநீர் எக்கி

"அண்ணே, பில்ஜ் பம்பு வேலை செய்யல."

"ஓடலையா தம்பி, இறைக்கலையா?"

போனில் ஒரு கணம் பேச்சில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

ஒன்றில்லை. படகில் பழுது பார்க்கிறவனுக்கு இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவே அரைநாள் வேலை கிடக்கிறது. ஓடவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். இறைக்கவில்லை என்றால் தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். "வேலை செய்யல" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. தமிழ் இதை இத்தனை தெளிவாகப் பிரித்து வைத்திருக்க, நாம் ஏன் கலக்க வேண்டும்? அன்றைக்கு அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பில்ஜ். படகின் தளப்பலகைக்குக் கீழே, ஏராவை (படகின் முதுகெலும்பான அடிக்கட்டையை) ஒட்டி இருக்கும் பள்ளமான உட்பகுதிதான் அது. தெறித்த அலை, பெய்த மழை, எஞ்சின் தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டும் நீர், கசிந்த எண்ணெய், துணி நூல், மரத்தூள், அறுந்த தூண்டில் நரம்புத் துண்டு எல்லாம் உருண்டு புரண்டு கடைசியில் அங்கேதான் சேரும். அங்கிருந்து தானாக வெளியேற வழி கிடையாது.

இந்த ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் வருகிறது. புடைப்பைக் குறிக்கும் 'பல்ஜ்' என்ற சொல்லின் திரிபு இது. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து, லத்தீனுக்கு, பண்டைய பிரான்சுப் பகுதியில் பேசப்பட்ட காலிக் மொழியிலிருந்து. அங்கே 'புல்கா' என்றால் தோல்பை. பைபோல உப்பிய கலத்தின் அடிப்பகுதி முதலில் பில்ஜ் ஆனது. பிறகு அதன் உள்ளே தேங்கும் நீரும் அதே பெயரைப் பெற்றது. மரப்பீப்பாயின் நடுவே புடைத்திருக்கும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அந்த நீரின் நாற்றத்தைப் பொறுக்க முடியாதவர்கள், பிற்காலத்தில் வெற்று உளறலையும் பில்ஜ் என்றார்கள்.

அந்தத் தோல்பையிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. சின்னத் தோல்பைக்குப் பிரெஞ்சில் வழங்கிய பெயர் ஆங்கிலத்துக்குப் போய், பணப்பையைக் குறித்து, கடைசியில் வரவுசெலவுத் திட்டத்துக்கே ஆகிவந்தது. நாம் அன்றாடம் சொல்லும் பட்ஜெட்டும் படகின் அடியில் கிடக்கும் பில்ஜும் ஒரே பையின் பிள்ளைகள். அந்தப் பைக்கும் பின்னால் 'வீங்கு, உப்பு' என்று பொருள்படும் இன்னும் பழைய வேர் ஒன்றைச் சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி'யும் அந்த வேரிலிருந்து வந்ததே. ஆக, பில்ஜ் என்பது கலத்தின் வயிறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது கைகொடுக்கும்.

பம்பு என்ற சொல்லுக்கு இவ்வளவு உறுதியான தடம் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. வட கடலோர மாலுமிகளின் பேச்சிலிருந்து டச்சும் கீழ்ஜெர்மனும் எடுத்துக்கொண்ட சொல்லாக இருக்கலாம் என்றும், உருளைக்குள் தண்டு ஏறியிறங்கும் ஓசையே பெயரானது என்றும் கருதுகிறார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு: ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதன்முதலில் ஆளப்பட்டது கிணற்றுக்கோ வயலுக்கோ அல்ல, கப்பலின் அடியில் தேங்கிய நீரை வெளியேற்றும் கருவிக்குத்தான். கிரேக்கத்திலும் இதே கதை. 'ஆன்ட்லோஸ்' என்றால் கலத்தின் அடியில் தேங்கும் நீர். நீர் இறைப்பதற்கான வினைச்சொல் அங்கே அதிலிருந்துதான் கிளைக்கிறது. லத்தீனில் 'ஆன்ட்லியா' இறைப்புக் கருவியின் பெயரானது. 1750களில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் தென்வானத்து விண்மீன் கூட்டம் ஒன்றுக்குக் காற்றுப் பம்பின் பெயரைச் சூட்ட, அது இன்று ஆன்ட்லியா என்றே வழங்குகிறது. படகின் அழுக்குத் தண்ணீர் வானம்வரை ஏறிவிட்டது!

கருவியும் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூஸ் மன்னன் இரண்டாம் ஹீரோன் கட்டுவித்த பெருங்கப்பலில், ஆழமான அடிப்பகுதியிலிருந்து ஒரே ஆள் நீர் இறைத்ததாகவும், அதற்கு ஆர்க்கிமிடீஸின் திருகைப் பயன்படுத்தியதாகவும் பழைய கிரேக்க நூல் ஒன்று சொல்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். பம்புக்கு நம்மிடம் சொல் பஞ்சமில்லை. இலங்கைப் பாடநூல்களில் 'பம்பி'. பேச்சில் பம்பு, மோட்டார். பயிர்த்தொழிலில் இறைவை. அறிவியல் தமிழில் 'எக்கி'. இதில் என் வாக்கு எக்கிக்கு. வயிற்றை உள்ளிழுப்பதை எக்குதல் என்கிறோம். எட்டாத பொருளுக்காக நுனிக்காலில் உயர்வதும் எக்குதல்தான். நீரைப் பீச்சுவதற்கும் அந்த வினை உண்டு. உள்ளே இழுத்து மேலே தள்ளுகிற ஒரு கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. மூடு, தாங்கு, உருகு ஆகியவற்றோடு இகரம் சேர்ந்து மூடி, தாங்கி, உருகி ஆவதுபோல எக்கு எக்கியாகிறது.

பில்ஜுக்குத்தான் நல்ல சொல் வேண்டியிருக்கிறது. 'அடித்தளம்' என்றால் கட்டட நினைப்பு வந்துவிடும். 'கசடுநீர்' என்றால் சாக்கடையும் அதில் அடங்கிவிடும். 'அடிநீர்' எளிது, தவறுமில்லை. ஆனால் நீரை மட்டும் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. நான் முன்வைப்பது 'அகடு'. வயிறு, உள், நடு என்று பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். திருக்குறளில் சூது அதிகாரத்தில், சூதாடிகள் வயிறு நிறைய உண்ணமாட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் இது வருகிறது. பிரெஞ்சுப் பை போன வழியைச் சுற்றாமல் தமிழ் நேராக வயிற்றுக்கே போகிறது. கூரையின் உச்சிக்கு முகடு இருக்கிறது, கலத்தின் அடிக்கு அகடு இருக்கட்டும். முகடு முகட்டுவளை ஆவதுபோல அகடு, அகட்டுநீர் ஆகும். அகட்டுநீர் எக்கி. முதல் தடவை நாக்கு சற்றுத் தடுமாறும். மூன்றாம் தடவை பழகிவிடும். அதிலும் வயிற்றுக்கான சொல்லும் வயிற்றை உள்ளிழுக்கும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

எழுதும்போது அகட்டுநீர் எக்கி என்று எழுதலாம். படகடியில் குனிந்திருக்கும்போது பில்ஜ் பம்பு என்றே கூப்பிடலாம். கடையில் உதிரிப்பாகம் கேட்கவும் அதுதான் உதவும். ஆனால் 'ஓடு', 'இறை' என்ற வினைகளை மட்டும் எந்த இடத்திலும் விட்டுவிடக் கூடாது.

அன்று தம்பியின் பம்பு ஓடவே இல்லை. ஏற்கெனவே ஒரு புதுப் பம்பு வாங்கி மாட்டியிருந்தார். அதுவும் ஓடவில்லை. புதுசும் ஓடவில்லை என்றால் குறை பம்பில் இருக்க வாய்ப்பு குறைவு.

கை வைக்குமுன் ஒன்று: பெட்ரோல் எஞ்சின் உள்ள படகென்றால் தளமூடியைத் திறந்து, காற்றாடவிட்டு, மோந்து பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அதுவும் அகட்டில்தான் போய்ப் படுத்திருக்கும். வாடை இருக்கும்போது ஒயரை உரசிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

சுவிட்சில் பெரும்பாலும் மூன்று நிலை இருக்கும்: ஆட்டோ, நிறுத்தம், நேரடி. நேரடியில் ஓடி ஆட்டோவில் ஓடவில்லையென்றால் மிதவை மீதுதான் சந்தேகம். நீர் ஏறும்போது தானும் ஏறி மின்சுற்றை இணைப்பது மிதவைச் சுவிட்ச். அதைக் கையால் தூக்கிப் பாருங்கள். மேலே ஒரு கந்தல் அழுத்திக்கொண்டிருந்தால் எழாது. அடியில் ஒரு மரச்சில்லு சிக்கியிருந்தால் இறங்காது, பம்பு ஓடி ஓடி பேட்டரியைக் காலி செய்துவிடும். தூக்கியும் ஓடவில்லை என்றால், மிதவையின் இரண்டு ஒயர்களையும் நேராக இணைத்துப் பாருங்கள். அப்போது ஓடினால் மிதவை போய்விட்டது.

எந்த நிலையிலும் ஓடவில்லையா? அடுத்து ஃபியூஸ். உருகி என்ற பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் போனால் தான் உருகி ஒயரைக் காக்கும். அது உருகியிருந்தால், ஏன் உருகியது என்று கேளுங்கள். பம்பின் சுழல்சக்கரத்தில் நூலோ முடியோ நெகிழித்தாளோ சுற்றி இறுகிக்கொண்டால் மோட்டார் சுழலாமல் நின்று மின்னோட்டத்தை விழுங்கும். வடிகட்டியைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே அளவு ஃபியூஸைப் போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது ஒயர், அதன் பிறகு தீ.

தம்பியின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்புக்குப் போகும் ஒயர்முனையில் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்: 12.6 வோல்ட். "கரண்ட் முழுசா வருது அண்ணே." முழுதாக நிறைந்த ஈய அமில பேட்டரிக்கு அது சரியான அளவுதான். ஆனால் மீட்டர் மின்சாரத்தைக் குடிப்பதில்லை, மோந்துதான் பார்க்கிறது. ஒயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டரில் முழு வோல்ட் காட்டும். பம்பு சில ஆம்பியர் கேட்கும்போது அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது, வோல்ட் சரிந்துவிடும். அதனால் பம்பை மாட்டி, சுவிட்சைப் போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டருக்குப் பதிலாக 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கோத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் இணைப்பு கெட்டிருக்கிறது.

நான் போய்ப் பார்த்தபோது பல்பு எரியவே இல்லை. எதிர்முனை ஒயரின் இணைப்பு நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, கறுப்பு நாடா சுற்றிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்க்கப் பழுதே தெரியாது. நாடாவை உரித்தேன். உள்ளே செம்பு நிறமே இல்லை. பச்சைக் களிம்பும் கறுப்புப் பொடியும். விரலால் வளைத்ததும் சத்தமில்லாமல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஒயரின் தோலைப் பின்னோக்கிச் சீவினால், கறுப்பு ஒரு சாண் தூரம் ஏறியிருந்தது. உப்புநீர் திரிபோல ஒயருக்குள் ஏறும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய புது ஒயர் கோத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறைபோட்ட இணைப்பியை மாட்டி, அதை நீர் எட்டாத உயரத்தில் கட்டினோம். சுவிட்சைப் போட்டதும் பம்பு உறுமியது. பழைய பம்பையும் பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தோம். அதுவும் ஓடியது. ஒரு சாண் ஒயருக்காக ஒரு புதுப் பம்பின் காசு போயிருந்தது.

ஓடுகிற பம்பும் எல்லாத் தண்ணீரிலிருந்தும் காத்துவிடாது. மணிக்கு 500 (அமெரிக்க) கேலன் என்று எழுதியிருக்கும் சிறு பம்பு நிமிடத்துக்குச் சுமார் 31 லிட்டர்; அதுவும் நீரை மேலே ஏற்றாமல் அளந்த கணக்கு, குழாய் உயர உயரக் குறையும். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை விழுந்தால் உள்ளே வருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 லிட்டர். இந்த எக்கி கசிவுக்கானது. உடைப்பைக் கையால்தான் அடைக்க வேண்டும்.

அதேபோல, அகட்டுநீர் வெறும் நீரல்ல. எண்ணெய் கலந்திருந்தால் அப்படியே கடலில் இறைக்கக் கூடாது. மார்ப்போல் என்ற உலக ஒப்பந்தத்தின்படி, 400 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் கடலில் விடும் இந்த நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது. சின்னப் படகில் அகட்டுக்குள் எண்ணெய் உறிஞ்சும் பஞ்சு ஒன்றைக் கட்டிப் போடுவது நல்லது. அது மிதவையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் கழித்துத் தம்பி மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணே, ஓடுது. ஆனா இறைக்கல."

இந்த முறை மீட்டரை எடுக்கச் சொல்லவில்லை. வடிகட்டியையும் குழாய் மடிப்பையும் பார்த்துவிட்டு ஒருவழி வால்வைக் கழற்றச் சொன்னேன். வால்வின் இதழில் மீன்செதில் ஒட்டி, திறக்காமல் நின்றிருந்தது. ஐந்து நிமிட வேலை.