"சின்னதா ஒரு ரிப்போர்ட் எழுதித் தர முடியுமா?"ன்னு மெசேஜ் வந்தா

சீனாவோட வெளியுறவுக் கொள்கையைப் படிக்கிறது, எழுதுறது, அதான் என் வேலை. இந்த ஃபீல்டுக்கு வரணும்னு நினைக்கிற பசங்க மாண்டரின் கத்துக்க எவ்ளோ நாள் ஆகும், ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, விசா குடுப்பாங்களான்னு எல்லாம் கேக்குறாங்க. ஆனா ஆராய்ச்சி பண்றவங்களைத் தேடி வர்ற ஆஃபர்களைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல. "உங்க கட்டுரை படிச்சோம், அருமை, ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதித் தாங்க, பணம் தர்றோம்"னு வரும்ல, அது.

சிங்கப்பூர்ல பொதுக் கொள்கை சொல்லிக் குடுக்குற லீ குவான் யூ ஸ்கூல்ல பிஎச்டி பண்ணிட்டு இருந்தவர் டிக்சன் யோ. 2015ல தென்கிழக்காசிய அரசியல் பத்திப் பேச பீஜிங் போறார். பேச்சு முடிஞ்சதும் சீன திங்க் டேங்க்லருந்து, அதாவது கொள்கை ஆய்வு பண்ற அமைப்புலருந்து வர்றோம்னு சில பேர் வந்து பழகுறாங்க, ரிப்போர்ட் எழுதுங்க பணம் தர்றோம்ங்கிறாங்க. அவங்க உளவுத்துறை ஆளுங்கன்னு தெரிஞ்ச பிறகும் அவர் விடல. 2018ல போலியா ஒரு கன்சல்டிங் கம்பெனி பேர்ல வேலை விளம்பரம் போட்டாரு, 400க்கு மேல ரெஸ்யூமே வந்துச்சு, அதுல பெரும்பாலானவங்க அமெரிக்க ராணுவத்துலயும் அரசாங்கத்துலயும் வேலை பாக்குறவங்க. யாரைப் பிடிக்கணும்னும் அவருக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க: வேலை பிடிக்காம இருக்காங்களா, பணக் கஷ்டம் இருக்கா, பிள்ளைங்களைக் காப்பாத்தணுமான்னு பாக்கச் சொன்னாங்க. பென்டகன்ல இருந்த ஒரு ராணுவ அதிகாரிகிட்ட, ஆப்கானிஸ்தான்லருந்து அமெரிக்கப் படை வெளியேறினா சீனாவுக்கு என்ன ஆகும்னு எழுதி வாங்கியிருக்கார். அந்தக் கேள்வியைப் பாருங்க, எந்த செமினார்லயும் கேக்குற கேள்வி தான அது! 2020 ஜூலைல வாஷிங்டன் கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டார், 14 மாசம் தண்டனை.

முதல் ரிப்போர்ட் எப்பவுமே சாதாரணமா தான் இருக்கும், நியூஸ்பேப்பர் படிச்சே எழுதிடலாம். அதுக்குப் போய் நல்ல காசு வரும்போது தான் யோசிக்கணும். நிஜமான திங்க் டேங்க் கட்டுரை கேட்டா அதுக்கு ஒரு எடிட்டர் இருப்பார், காண்ட்ராக்ட் இருக்கும், பெரும்பாலும் உங்க பேர்லயே வெளிய வரும். உளவுக்கு ஆள் பிடிக்கிறவங்க உங்க பேரே வேணாம்பாங்க, வீசாட்ங்கிற சீன மெசேஜ் ஆப்புக்கு வாங்கம்பாங்க, டிக்கெட் போட்டுத் தர்றோம் நேர்ல பேசலாம்பாங்க. அப்புறம் மெதுவா "வெளிய வராத தகவல் எதாவது இருக்கா, அந்த மீட்டிங்ல யார் என்ன சொன்னாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த இடத்துல நிறுத்திடணும்.

பெரிய இன்ஸ்டிடியூட் பேரைச் சொன்னா உடனே நம்பிடாதீங்க. சிஐஏ-ல முன்னாடி வேலை பாத்த கெவின் மெல்லரிகிட்ட 2017ல பேசினவர், ஷாங்காய் சோஷியல் சயின்ஸ் அகாடமிலருந்து பேசறேன்னு தான் சொன்னார். அகாடமி நிஜமானது தான், அங்க நல்ல ஆய்வாளர்கள் இருக்காங்க. அதனால தான் அந்தப் பேர் வேலை செய்யுது. ரகசியத் தகவலைக் குடுத்ததுக்கு மெல்லரிக்கு 20 வருஷம் ஜெயில்.

இதைப் படிச்சுட்டு சீனப் பேரைப் பாத்தாலே சந்தேகப்பட ஆரம்பிச்சிடாதீங்க, அது இன்னும் பெரிய தப்பு. சீனாவுக்காக உளவு பாக்குறவங்களைப் பிடிக்கணும்னு அமெரிக்கா 2018ல "சீனா இனிஷியேட்டிவ்"னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, எம்ஐடி பேராசிரியர் காங் சென்ங்கிறவரை 2021ல அரெஸ்ட் பண்ணுச்சு, ஒரு வருஷம் கழிச்சு கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க, அந்தத் திட்டத்தையே 2022 பிப்ரவரில கைவிட்டாங்க. சீன ஆய்வாளர்களோட பேசாம இந்தத் தொழிலே கிடையாது. பேசுங்க, நிறைய பேசுங்க, ஆனா எல்லாம் உங்க கைடுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் தெரிஞ்சு நடக்கட்டும். யார் கூப்பிட்டாங்க, யார் செலவு பண்றாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டு வைங்க.

ஏற்கனவே ஒண்ணு ரெண்டு எழுதிக் குடுத்துட்டு இப்ப பயமா இருக்குன்னா, அந்த சாட்டை டெலிட் பண்ணாதீங்க, பணம் வந்த கணக்கையும் எடுத்து வைங்க. அடுத்த ரிப்போர்ட் கேட்டு மெசேஜ் வர்றதுக்குள்ள கைடுகிட்டயும் ஒரு வக்கீல்கிட்டயும் சொல்லிடுங்க.