மின்கடத்து கரியிழை: ஒரு சொல், இரண்டு சிக்கல்

வீட்டில் உடைந்த பூப்பந்து மட்டையின் தண்டு ஒன்று கிடந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. முனைகள் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து மேற்பூச்சை நீக்கிவிட்டு மறுபடி வைத்ததும் ‘பீப்’ என்றது. பிசினுக்குள் ஒளிந்திருந்த கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்துகிறது. இந்த ‘கண்டக்டிவ் கார்பன் ஃபைபர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் ‘கார்போ’ என்றால் அடுப்புக்கரி. நம் ‘கரி’யோடு ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாட வேண்டாம், நம்முடையது ‘கரு’வின் வழி வந்தது. ‘கரிம இழை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் கரிம வேதியியல் படித்தவருக்குப் பஞ்சும் பட்டும்கூடக் கரிம இழைதானே. ‘நார்’ என்றால் வாழைமட்டையிலிருந்து உரிப்பது, கைக்கு எட்டிய நீளத்தில் முடிந்துவிடும். இதுவோ அறுபடாமல் ஓடுவது. ஒன்றின் தடிமன் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆகவே கரியிழை.

கல்லில் நார் உரிப்பதுபோல் கரியிலிருந்து இழை உரிக்க முடியாது. முதலில் இழையாக இழுத்துவிட்டுப் பிறகுதான் கரியாக்குகிறார்கள். எடிசன் 1879இல் பருத்தி நூலைக் கரியாக்கித்தான் விளக்கை எரியவிட்டார். இன்று பெரும்பாலும் பாலிஅக்ரைலோநைட்ரைல் இழை, அதாவது அக்ரிலிக் கம்பளியின் நெருங்கிய உறவு. காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை பதப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். உறுதிக்கு அது போதும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தப் போதாது. வெப்பத்தை 2500, 3000 டிகிரி என்று ஏற்றும்போது கரியணுக்கள் கிராஃபைட் தாள்களாக அடுக்கிக்கொண்டு இழையின் போக்கிலேயே படுக்கின்றன. தாளின் நெடுக எலக்ட்ரான் எளிதாக ஓடும். தாள்விட்டுத் தாள் தாவுவதுதான் அதற்குப் பாடு. கீலிலிருந்து, அதாவது தார் போன்ற ‘பிட்ச்’சிலிருந்து, இழுத்த இழையில் இந்த அடுக்கு இன்னும் சீராக அமைவதால், அது நன்றாகச் சுடப்பட்டால் சாதாரண கரியிழையைப் போல பத்து மடங்கு கடத்தும். அப்போதும் செம்பை எட்டாது. ஆனால் எடையில் செம்பின் கால் பங்குதான். விமானம் கட்டுபவருக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது ‘கண்டக்டர்’. கூட்டிச்செல்வது என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். பஸ்ஸில் இருந்தால் நடத்துநர், கம்பியில் இருந்தால் கடத்தி. இந்தப் பாகுபாட்டை ஆங்கிலம் செய்யவில்லை, தமிழ் செய்தது. ‘கடத்தல்’ என்றதும் மீனம்பாக்கத்தில் பிடிபட்ட தங்கம் நினைவுக்கு வருகிறதே என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’; கடக்கச் செய்வது. தங்கம் எல்லையைக் கடக்கிறது, மின்சாரம் இழையைக் கடக்கிறது. சொல்லின் மேல் குற்றமில்லை.

‘மின்கடத்து கரியிழை’ என்றே எழுதுகிறேன். அச்சுக்குப் போகும்போது மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ரகரம் றகரமானால் பிரியாணிக் கடைக்குப் போய்விடும்.