மலை வண்டிக்கு டிஸ்க் பிரேக்: இறுகிப்போன ஸ்டட், கப், கோன் கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய அம்பாசடரோ ஜீப்போ பாரத்தோடு இறங்கும்போது, பர்லியார் தாண்டுவதற்குள் டிரம் சூடேறிப் பிரேக் பிடிப்பு குறைந்துவிடும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றுவது நல்ல முடிவு. ஆனால் டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் வாங்கி வைத்த பிறகு பெரும்பாலும் வேலை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வந்து நின்றுவிடுகிறது. சக்கரத்தை மாட்டும், பிரஸ் செய்து ஏற்றிய வீல் ஸ்டட், பேரிங்கின் வெளி வளையமான கப், ஹப் சுழலும் தண்டான ஸ்டப் ஆக்சிலில் பிடித்துக்கொண்ட உள் வளையமான கோன் மூன்றும் கழல மறுக்கும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் ஹப் வளைந்துவிடும். வளைந்த ஹப்பில் எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க் போட்டாலும் பெடல் அதிரும்.

நீலகிரியில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் நனைக்கும், இடையில் பனிமூட்டம் வேறு. இரும்பைவிட அதன் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் ஏற்கெனவே இறுக்கமாக உள்ள இடைவெளியில் துரு ஆப்பு வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். முதல் வேலை துருவை இளக்குவதுதான். கம்பி பிரஷால் சுற்றிலும் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை இரண்டு பக்கமும் அடித்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். பழைய பிரேக் லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஸ்டட்டை வெளியே தள்ள 10 டன் ஹைட்ராலிக் பிரஸ் தாராளமாகப் போதும். ஹப்பின் ஃபிளாஞ்சை (ஸ்டட் துளைகள் உள்ள தட்டை) ஓரத்தில் தாங்க வைத்து அழுத்துவதுதான் பரவலாக நடக்கும் தவறு. ஸ்டட் தலை உள்ளே இறங்கும் அளவு துளையுள்ள தடித்த குழாய்த் துண்டை, அந்தத் தலையைச் சுற்றி ஃபிளாஞ்சுக்கு நேர் கீழே வையுங்கள். அழுத்தத்தை மெல்ல ஏற்றி, நிறுத்தி, ஃபிளாஞ்சின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். அசையவில்லை என்றால் பிரஸ்ஸைத் தளர்த்திச் சூடு காட்டி மறுபடி முயலுங்கள். பழைய ஸ்டட்டைத் திரும்பப் போடக்கூடாது. புது ஸ்டட்டில் துளையை இறுகப் பிடிக்கும் வரிப்பல்லின் விட்டத்தை வெர்னியரில் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். விரலால் தள்ளி உள்ளே போகிற ஸ்டட் அந்தத் துளைக்கு ஆகாது. அதற்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் ஸ்டட்டின் எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறி, ஒரு நாள் வளைவில் தலையோடு முறியும். பெரிய வரிப்பல் உள்ள ஸ்டட் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஹப்பையே மாற்றுங்கள்.

கப் கழற்றும்போது சூடு காட்டுவதைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள். ஹப்பும் இரும்பு, கப்பும் இரும்பு. இரண்டையும் சேர்த்து வெகுநேரம் சூடாக்கினால் இரண்டும் ஒன்றாகவே விரியும், பிடி தளராது. ஹப்பின் வெளிப்புறத்தில் டார்ச்சைச் சுற்றிச் சுற்றி வேகமாகக் காட்டி, உள்ளே உள்ள கப்புக்குச் சூடு பரவும் முன்பே தட்ட வேண்டும். கப்பின் பின்விளிம்பில் எதிரெதிர் இடங்களில் மாறி மாறிப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள், ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்து இறுகும். கம்பி வைக்க விளிம்பே இல்லையென்றால், கப்பின் உள்முகத்தைச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு போடலாம். ஆறும்போது கப் சுருங்கித் தானாகவே தளரும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை ஹப்பிலேயே மாட்டுங்கள். சூடான வார்ப்பிரும்பு ஹப்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். இன்னொன்று உயிர்ப் பிரச்சினை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அந்த இடத்தை முழுவதும் துடைத்து உலரவிட்ட பிறகே டார்ச்சைப் பற்றவையுங்கள்.

ஸ்டப் ஆக்சிலில் துருப்பிடித்த கோன் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லருக்கு வராவிட்டால், கிரைண்டரில் ஒரு கோடு வெட்டி, அடிவரை போகாமல் நிறுத்தி, உளியால் ஒரே அடி. ஆக்சிலில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். பேரிங் எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம்.

புது கப் ஏற்ற அடிக்கவே வேண்டாம். உதகை உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவே போதும். 15 டிகிரியில் இருக்கும் ஹப்பைக் கொதிநீரில் வைத்தால், 60 மி.மீ. துளை சுமார் 0.05 மி.மீ. விரியும். கப்பை ஃபிரீசரில் ஓர் இரவு வைத்தால் அது இன்னும் 0.02 மி.மீ. சுருங்கும். வழக்கமான பிரஸ் இறுக்கத்துக்கு இது ஈடாகும், கப் கையாலேயே இறங்கிவிடும். ஈரக்காற்றில் கப்பின் மேல் உடனே நீர் படியும், துடைத்து லேசாக எண்ணெய் தடவி ஏற்றுங்கள். இரண்டின் சூடும் ஒன்றாகும்வரை அழுத்திப் பிடித்திருங்கள். ஸ்டட்டை வீல் நட்டால் இழுத்து ஏற்றினால் மரை நீளும், பிரஸ்தான் சரி.

டிஸ்க் வைக்கும் முன் ஹப் முகத்தில் துருத் துகள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அங்கே 0.05 மி.மீ. மேடு இருந்தால் டிஸ்க் விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். பேரிங்கைச் சரியான இறுக்கத்தில் வைத்தபின் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். 0.10 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் ஹப்பைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கலாம். அது அப்படியே இருந்தால் டிஸ்க் விடாமல் உரசிச் சூடேறும், எனவே டிஸ்க்குக்கு ஏற்றதாக மாற்றுங்கள். காற்றழுத்தத்தால் பெடலுக்கு உதவும் பூஸ்டர் பொருத்தினாலும் உதகையில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு, பூஸ்டரின் உதவியும் அந்த அளவு குறையும். கோவையில் சோதித்த பெடல் இங்கே கடினமாகத் தெரிவது இதனால்தான். பிரேக் ஆயில் டாட் 4 தரத்தில் போடுங்கள். ஈரம் ஏறிய டாட் 3 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும், டாட் 4க்கு அந்த அளவு 155.

முதலில் சமதளத்தில், டிஸ்க்கை அழுத்தும் பேட்களைப் பதப்படுத்துங்கள்: 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிற்காமல், பத்து முறை இடைவெளி விட்டு. அதன்பின் பாரமில்லாமல் ஒரு முறை மலை இறங்கி, கீழே ஹப் ஆறியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். புது ஸ்டட் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். 100 கி.மீ. கழித்து இன்னொரு முறை.