ரேம் பெட்டியில் 6000, கணினியில் 4800

புதிதாக அசெம்பிள் செய்த கணினி வேகமாக இல்லை என்று யாராவது கொண்டுவந்தால், முதலில் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத்தான் பார்ப்பேன். ரேம் வேகம் பல சமயம் 4800 என்று இருக்கும். அவர் காசு கொடுத்து வாங்கியதோ 6000 ரேம்.

ரேமில் கோளாறு எதுவும் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வராது. மதர்போர்டு முதலில் பொது நிர்ணய வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் போர்டின் அமைப்புப் பக்கம்) போய் இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்ற ப்ரொஃபைலை இயக்க வேண்டும். ரேம் தயாரித்தவர் குறித்துவைத்த வேகம், டைமிங் (தாமத அளவுகள்), வோல்டேஜ் எல்லாம் அதில் சேர்ந்தே வந்துவிடும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? 30-38-38-96 என்பதுபோலப் போட்டிருக்கும் டைமிங் வரிசையில் முதல் எண்தான் சிஎல். கேட்ட தகவல் வர ரேம் எத்தனை கடிகாரத் துடிப்பு எடுத்துக்கொள்கிறது என்பதை அது சொல்கிறது. சிஎல்16 என்றால் சிஎல்30-ஐவிட இரண்டு மடங்கு சுறுசுறுப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்துப் பாருங்கள், உண்மையான தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். குறைவாக இருந்தால் நல்லது. பழைய தலைமுறை ரேமான டிடிஆர்4 3200 சிஎல்16-க்கு 10 நானோ நொடி. புதிய தலைமுறையான டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் அதே 10. ஆனால் 6000 சிஎல்40 என்றால் 13.3. விலை கொஞ்சம்தான் கூடும் என்றால் சிஎல்30 வாங்கலாம். ஆபீஸ் வேலைக்கும் பிரவுசருக்கும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அந்தக் காசில் பெரிய எஸ்எஸ்டி வாங்குங்கள்.

இரண்டு ரேம் ஸ்டிக் போதும். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களுக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான்.

ப்ரொஃபைலை இயக்கியதும் டிடிஆர்5 போர்டு சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். செத்துவிட்டது என்று பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள், போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. ரேம் பிழை எப்போதும் விண்டோஸ் முடங்கும் நீலத்திரையாக வராது. ஜிப் கோப்பு விரியாது, குழந்தையின் பிறந்தநாள் போட்டோ பாதியில் சாம்பலாக நிற்கும். டிடிஆர்5-க்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டுமே கவனிக்கும். ரேமிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் தகவல் கெட்டால் அதற்குத் தெரியாது.

பிழை வந்தால், யூடியூப் பார்த்து வோல்டேஜை ஏற்ற வேண்டாம். டைமிங்கை அப்படியே வைத்து வேகத்தை 5800, இல்லையென்றால் 5600 என்று இறக்கி மறுபடி சோதியுங்கள். 5600-இல் சிஎல்30 என்றால் 10.7 நானோ நொடி, பெரிய இழப்பில்லை. அதிலும் பிழை வந்தால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகு ஒருமுறை டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பெரும்பாலும் ப்ரொஃபைல் அணைந்து 4800-க்கே திரும்பியிருக்கும்.